வேலை போனால் முதலில் உடம்பைப் பாருங்கள்

வேலை போன செய்தி வந்த அன்றிரவே பெரும்பாலானோர் பழைய ரெஸ்யூமைத் தேடி எடுக்கிறார்கள். அடுத்து வங்கி இருப்பைப் பார்க்கிறார்கள், இ.எம்.ஐ. தேதிகளைக் கணக்குப் போடுகிறார்கள். ரத்த அழுத்தத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று தோன்றுவதே இல்லை. ‘முதல்ல வேலை கெடைக்கட்டும், உடம்பை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறோம்.

இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வேலையிழப்பு பணக்கஷ்டத்தோடு நிற்பதில்லை. தூக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், மனம் என்று ஒவ்வொன்றையும் தொடுகிறது. இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்காதவர் நேர்முகத் தேர்வில் தன் முழுத் திறமையைக் காட்ட முடியாது. உடம்பைக் கவனிப்பதும் வேலை தேடலில் சேர்ந்ததுதான். அதை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2022இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசி கார் வெளியே வந்தது. 2025இல் டி.சி.எஸ். நிறுவனம் 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. வேலையிழந்தோர் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் தலைப்புச் செய்தியாகிறது. அடுத்த ஓராண்டில் அவர்கள் உடம்பு என்ன ஆனது என்பது செய்தியாவதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஓராண்டைப் பற்றியது.

ஆபத்து எவ்வளவு?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1980களில் பெரிய அளவில் ஆட்குறைப்பு நடந்தது. ஒரே நிறுவனத்தில் நீண்ட காலம் இருந்து, அப்போது வேலையிழந்த ஆண்களின் பதிவுகளை டேனியல் சல்லிவன், டில் வான் வாக்டர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். வேலை போனதை அடுத்த ஆண்டில் அவர்களிடையே இறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிட 50 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது. இருபது ஆண்டு கழித்தும் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகவே இருந்தது.

இதயமும் தப்புவதில்லை. 50 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களைப் பற்றி 2012இல் வந்த ஓர் ஆய்வில், வேலையில்லாதவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கணிசமாகக் கூடியிருந்தது. வேலை போன முதல் ஆண்டில் அது உச்சத்தில் இருந்தது. எத்தனை முறை வேலை போனதோ அதற்கேற்பவும் ஏறியது. மனநலத்தைப் பொறுத்தவரை, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2009ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று, வேலையில்லாதவர்களில் 34 சதவீதம் பேருக்கு மனச்சிக்கல்கள் இருந்ததையும், வேலையில் இருப்பவர்களிடம் அது 16 சதவீதமே என்பதையும் காட்டியது.

இவற்றைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. மறுபடி வேலை கிடைத்ததும் மனநலம் தேறுகிறது என்பதையும் அதே தொகுப்பு காட்டியது. மிகவும் ஆபத்தான காலம் முதல் ஓராண்டு என்று தெரிந்துவிட்டதால், அந்த ஓராண்டுக்கு நாம் திட்டம் போட முடியும்.

சம்பளத்தோடு என்னென்ன போகிறது?

ஆஸ்திரியாவில் வியன்னா அருகே மரியென்டால் என்றொரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்ட துணி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் என்ற இளம் ஆய்வாளர்கள் குழுவாக அங்கே போய் ஊர் வாழ்க்கையைக் கவனித்து, 1933இல் நூலாக வெளியிட்டார்கள்.

அவர்கள் கவனித்தவற்றில் ஒன்று, முக்கியத் தெருவில் மக்கள் நடக்கும் விதம். ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் தெருவைக் கடப்பதற்குள் இரண்டு முறையாவது நின்றுவிட்டார்கள். எங்கும் போய்ச்சேர அவசரமில்லை. பெரும்பாலான ஆண்கள் கடிகாரம் அணிந்திருக்கவே இல்லை. நேரம் மிச்சமாயிற்றே, படிப்பார்கள் என்று எதிர்பார்த்தால் அதுவும் இல்லை. கட்டணத்தை நீக்கிய பிறகும் ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். சமையலும் துவையலும் பிள்ளைகளும் அவர்களுடைய நாளைக் கட்டி வைத்திருந்தன.

வேலை சம்பளத்தோடு வேறு ஐந்தையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் வகுத்துச் சொன்னார்: நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், கட்டாயமான சுறுசுறுப்பு. வேலை போகிற அன்று இந்த ஐந்தும் சேர்ந்தே போகின்றன. பணம் மறுபடி வரும்வரை இந்த ஐந்தையும் வேறு வழியில் ஈடுகட்டுவதே கீழே வரும் யோசனைகளின் நோக்கம்.

வெளியே வருமுன்: காப்பீடு

கடைசி நாளில் ரிலீவிங் லெட்டரும் செட்டில்மென்ட் கணக்கும் கேட்டு வாங்குவோம். மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவோம். பெரும்பாலான நிறுவனங்களில் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிகிறது. அதில் அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தால் அவர்களுக்கும் அன்றோடு பாதுகாப்பு போய்விடும்.

• குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதிமுறையில் இடமுண்டு. நீங்கள் ஏற்கெனவே கடந்துவந்த காத்திருப்புக் காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இதற்கான மனுவை நோட்டீஸ் பீரியடிலேயே கொடுங்கள். விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், பழைய நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம்.

• மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் இ.எஸ்.ஐ. தொழிலாளர்கள் கார்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். சந்தா கட்டிய ஆறு மாதத்துக்கான பலன் பிந்தைய ஆறு மாதத்தில் கிடைக்கும்படி அந்தத் திட்டம் அமைந்திருக்கிறது. வேலை போன மறுநாளே மருத்துவ வசதி நின்றுவிடாது. எதுவரை செல்லும் என்று டிஸ்பென்சரியில் தேதியைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

• இ.எஸ்.ஐ.யில் வேலையிழப்பு உதவியும் உண்டு. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டத்தில் சராசரி தினச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும். திட்டத்தின் காலம் அவ்வப்போது நீட்டிக்கப்படுவதால் கிளை அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுவிட்டு மனுச் செய்யுங்கள். ஆலை மூடல், ஆட்குறைப்பு போன்றவற்றுக்கு ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் திட்டமும் இருக்கிறது.

• ‘ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, உங்க ரெகார்டுக்கு அதுதான் நல்லது’ என்று ஹெச்.ஆர். சொல்லலாம். கையெழுத்துப் போடும் முன் ஒருநாள் அவகாசம் கேளுங்கள். ஆட்குறைப்பில் கிடைக்கிற உதவி பலவும், தானாக விலகியவருக்குக் கிடைக்காது. வேலையிழப்பு உதவியோடு சேர்ந்து வரும் மருத்துவ வசதியும் அதில் அடக்கம். தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தையோ கலந்துகொண்டு முடிவெடுங்கள்.

• ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியுண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களில் தகுதி இருந்தும் சேராதவர்கள் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள்.

முதல் வாரம்: வீட்டில் சொல்லுங்கள்

வேலை போனதை வீட்டில் சொல்லாமல் நாட்களை ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காலை எட்டரைக்கு வழக்கம்போல் இஸ்திரிச் சட்டை, தோளில் லேப்டாப் பை, மனைவி கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ். பஸ் ஏறி ஏதோ ஒரு பூங்காவில் இறங்கி, மரத்தடி பெஞ்சில் மத்தியானம் தனியாக அந்த டப்பாவைத் திறப்பார்கள். மாலை ஆறரைக்கு வீடு திரும்பி, ‘இன்னைக்கு ஆபீஸ்ல என்ன?’ என்ற கேள்விக்கு இல்லாத மீட்டிங்கைப் பற்றிச் சொல்வார்கள். வேலை போன துயரத்தோடு, எப்போது பிடிபடுவோம் என்ற பயமும் நாள் முழுக்க உடம்பை வாட்டும்.

பதற்றத்தில் கார்டிசால், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் சுரக்கின்றன. ஆபத்திலிருந்து ஓடித் தப்புவதற்காக உடம்பு செய்யும் ஏற்பாடு அது. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடும். சில நிமிடம் நீடித்தால் கெடுதல் இல்லை. வாரக்கணக்கில் நீடித்தால் தூக்கம் போகும், ஏற்கெனவே பி.பி.யோ சர்க்கரையோ இருப்பவர்களுக்கு அது கட்டுக்கு மீறும்.

அதனால் இரண்டு நாளுக்குள் வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது மூன்று செய்திகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்: வேலை போனது, கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள். பிள்ளைகளுக்கும் வயதுக்கேற்பத் தெரியட்டும். வீட்டில் நிலவும் இறுக்கத்தைக் கண்டு, தாங்கள்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று சிறுபிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு.

அதே வாரத்தில் ஒரு காலை வெறும் வயிற்றில் சர்க்கரையும், உட்கார்ந்து ஓய்வெடுத்தபின் பி.பி.யும் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் இலவசமாகவே பார்க்கலாம். எண்களை ஒரு நோட்டில் தேதியோடு குறியுங்கள். பி.பி. 140/90க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரைப் பாருங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள் இதை மாதம் ஒருமுறை செய்யுங்கள்.

மாத்திரையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

செலவைக் குறைக்கும் பட்டியலில் சத்தமில்லாமல் முதலில் வெட்டுப்படுவது மருந்து. காலை ஒன்று, இரவு ஒன்று என்று டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரை, இரவு மட்டும் என்று ஆகிறது. பி.பி. மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகிறது. அட்டை தீர்ந்து பத்து நாள் கழித்துத்தான் அடுத்தது வாங்குகிறார்கள். உடனே ஒன்றும் நடக்காததால், இவ்வளவு நாள் வீணாகத்தான் சாப்பிட்டோமோ என்ற எண்ணமும் வந்துவிடுகிறது.

இது பெரிய ஆபத்து. பதற்றத்தால் பி.பி.யும் சர்க்கரையும் ஏறக்கூடிய காலத்திலேயே மருந்தைக் குறைக்கிறோம். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கே பாதிப்பு வரலாம். மனநல மருந்துகளையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

பணம்தான் தடை என்றால் வழிகள் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான வழக்கமான மருந்துகளை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகத் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். வெளியே வாங்குவதானால் மக்கள் மருந்தகத்திலும், 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவு. இவ்வளவு நாள் தனியார் மருத்துவமனைக்கே போய்ப் பழகியவர்கள் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறார்கள். நீங்கள் கட்டிய வரியில் நடக்கும் மருத்துவமனை அது, தயங்காமல் போங்கள்.

நாளைக் கட்டிப்போடுங்கள்

மரியென்டால் ஆண்கள் இழந்த நேர ஒழுங்கை நீங்கள் வலிந்து உண்டாக்க வேண்டும்.

• எழும் நேரத்தை மாற்றாதீர்கள். வேலைக்குப் போனபோது ஆறு மணி என்றால் இப்போதும் ஆறு மணி. தூங்கும் நேரத்தை நம் விருப்பப்படி அமைப்பது கடினம், எழும் நேரத்தை அமைத்துக்கொள்ளலாம். எழுவது ஒழுங்கானால் சில நாளில் தூக்கமும் ஒழுங்குக்கு வரும். மத்தியானத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

• குளித்து உடை மாற்றிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உண்டு. உங்கள் ஊர்க் கிளை நூலகமும் போதும். வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறவருக்கு நூலகம்தான் தற்காலிக ஆபீஸ்.

• அரை மணி நேரமாவது வியர்க்க நடங்கள். காசு செலவில்லாமல் பி.பி., சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு நான்குக்கும் உதவும் மருந்து அது.

• வாரத்தில் இரண்டு நாளாவது, வேலை தேடலோடு சம்பந்தமில்லாத மனிதர்களோடு ஏதாவது செய்யுங்கள். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள், ரத்ததான முகாமில் உதவுங்கள், கோயில் வேலையிலோ சங்க வேலையிலோ சேருங்கள். உங்களை எதிர்பார்த்து நாலு பேர் காத்திருப்பது மனதுக்கு மிகவும் தேவை.

• குடிப்பழக்கம் உள்ளவர்கள் இந்தக் காலத்தில் இரட்டிப்பு எச்சரிக்கையோடு இருங்கள். முன்பு சனிக்கிழமை மட்டும் இருந்தது, இப்போது நடுவாரத்திலும் என்று ஆகிறதா என்று பாருங்கள். மது தூங்க வைப்பதுபோல் தோன்றினாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வைக் கூட்டும். குறைக்க முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலேயே சிகிச்சை கிடைக்கும்.

நிராகரிப்புக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

நாள் முழுக்க வேலைத் தளங்களைப் புரட்டுவது தேடல் ஆகாது. காலையில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதியை விண்ணப்பங்களுக்கும், மீதியைப் பழைய சகாக்களோடு போனில் பேசவும், நேரில் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வேலை சம்பந்தமான எதையும் பார்க்காதீர்கள்.

1980களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலையிழந்தவர்களுக்காக ‘ஜாப்ஸ்’ என்றொரு பயிற்சி உருவானது. பின்னாளில் ஃபின்லாந்திலும் அதைப் பின்பற்றினார்கள். ஒருசில நாள் குழுப் பயிற்சிதான். கலந்துகொண்டவர்களுக்கு நல்ல வேலை விரைவாகக் கிடைத்தது, மனச்சோர்வும் குறைந்தது. மிகவும் சோர்ந்திருந்தவர்களுக்கே அதிகம் பலன் தந்தது. அதன் முக்கிய அம்சம், ‘இல்லை’ என்ற பதில் வரும்போது என்ன செய்வது என்று முன்னதாகவே பேசித் திட்டம் போட்டுக்கொள்வது.

இதை நீங்களே செய்யலாம். ஒன்றாக வேலையிழந்த நாலைந்து பேர் வாரம் ஒருமுறை டீக்கடையிலோ பூங்காவிலோ கூடுங்கள். ஒருவர் கேள்வி கேட்க, இன்னொருவர் பதில் சொல்லிப் பழகுங்கள். ‘ஏன் வேலையை விட்டீங்க?’ என்ற கேள்விக்கு இரண்டே வாக்கியத்தில் நேரான பதிலைத் தயார் செய்யுங்கள். அடுத்த நிராகரிப்பு வந்தால் அன்று யாருக்குப் போன் செய்வது, மறுநாள் எந்த வேலையைத் தொடங்குவது என்று எழுதி வையுங்கள்.

எழுதுவதற்கும் பலன் உண்டு. வேலையிழந்த பொறியாளர்களில் சிலரைத் தங்கள் மனத்தில் இருந்த கோபத்தையும் வருத்தத்தையும் தொடர்ந்து சில நாள் எழுதச் சொல்லி ஜேம்ஸ் பென்னிபேக்கர் குழுவினர் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவாக வேலை கிடைத்தது. பழைய நிறுவனத்தின் மேல் உள்ள கோபத்தை நோட்டில் கொட்டிவிட்டால், நேர்முகத் தேர்வில் அது வாயில் வராது.

எப்போது டாக்டரிடம் போவது?

வருத்தம் இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் கனத்துக் கிடந்தால், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து மறுபடி தூக்கம் வராவிட்டால், சாப்பாடு பிடிக்காமல் போனால், பிள்ளைகளிடம்கூடப் பேசப் பிடிக்காவிட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். தமிழக அரசின் 104 சேவையிலும் ஆலோசனை கிடைக்கும். ‘நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு நல்லது’ என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட அன்றே கூப்பிடுங்கள். 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் ‘சினேகா’ அமைப்பையும் நாடலாம். நெஞ்சு இறுக்கம், இடக்கைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை வந்தால் டென்ஷன் என்று ஒதுக்காமல் 108ஐ அழையுங்கள்.

வீட்டாருக்கும் நண்பர்களுக்கும்

‘ஏதாவது ஆச்சா?’ என்று தினமும் கேட்காதீர்கள். வாரத்தில் ஒருநாள், அரை மணி நேரம் வேலை பற்றிப் பேசுவது என்று வைத்துக்கொண்டால் மற்ற நாட்களில் வீடு வீடாக இருக்கும். அடுத்த வீட்டுப் பையனின் சம்பளத்தை இழுக்காதீர்கள். மாத்திரை நேரத்துக்கு உள்ளே போகிறதா என்று பாருங்கள். இன்னும் வேலையில் இருக்கும் பழைய சகாக்கள், என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். ‘வாங்க, ஒரு டீ சாப்பிடலாம்’ என்ற ஒரு போன் போதும்.

புதிய வேலை கிடைத்த பிறகு

சேர்ந்த முதல் மாதத்தில் இன்னொரு முறை பி.பி., சர்க்கரை பாருங்கள். சோர்ந்த உடம்போடு, முதல் நாளிலிருந்தே இரவு பத்து மணி வரை உழைத்து நிரூபிக்கப் பார்க்காதீர்கள். புதிய நிறுவனத்தில் குழுக் காப்பீடு தந்தாலும், உங்கள் பெயரில் எடுத்த தனிநபர் பாலிசியைத் தொடர்ந்து கட்டுங்கள். வேலையிழப்பு ஒருமுறையோடு முடியாமலும் போகலாம். ஒவ்வொரு முறையும் இதய அபாயம் கூடுகிறது என்பதை மேலே பார்த்தோம். அடுத்த முறை வந்தாலும் காப்பீடு கையில் இருக்க வேண்டும், ஆறு மாதச் செலவுப் பணத்தில் மருந்துக்கென்று ஒரு பங்கு தனியாக இருக்க வேண்டும், நடைப் பழக்கம் விடாமல் இருக்க வேண்டும். முதல் சம்பளம் வந்ததும் இந்த மூன்றுக்கும் வழி செய்துவிடுங்கள்.